வாங்குகிறவர் எந்தச் சொல்லைத் தேடுகிறார்?

நம் சரக்கை நாமே விற்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கூட்டங்களில் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள், படித்துவிட்டு ஊருக்கு வரும் பிள்ளைகளும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். அதன்படி சிறு விவசாயிகள் பலர் சொந்தமாக ஓர் இணையதளம் வைத்துக்கொண்டு எண்ணெய், அரிசி, வெல்லம், மஞ்சள் விற்க முன்வந்திருக்கிறார்கள். ஆனால் இணையதளம் வைத்த பிறகு என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. கடை திறந்தாயிற்று, கடைக்கு ஆள் வரவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டுப் பழையபடி மண்டிக்கே மூட்டையை ஏற்றி அனுப்புகிறார்கள்.

ஆள் ஏன் வரவில்லை? சரக்கு மட்டம் என்பதால் அல்ல. பெரும்பாலும் சொல் பொருந்தாததால்தான். பட்டணத்தில் ஓர் அம்மாள் எண்ணெய் வாங்க நினைக்கிறார். செல்போனை எடுத்துக் கூகுளில் சில வார்த்தைகளைப் போடுகிறார். அந்த வார்த்தைகள் நம் பக்கத்தில் இருந்தால்தான் நம் கடை அவர் கண்ணில் படும். இந்த வார்த்தைகளைத்தான் தேடுசொல் என்கிறார்கள். எந்தத் தேடுசொல்லை நம் பக்கத்தில் வைப்பது என்பதை இணையதளம் செய்து கொடுக்கும் ஆளிடம் விட்டுவிடுகிறோம். விதை எது என்று டிராக்டர்காரரிடம் கேட்டு விதைப்போமா? இதையும் விவசாயியும் அவர் வீட்டாரும்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பெரிய சொல்லுக்கு ஆசைப்படக் கூடாது என்பதும் என் அபிப்பிராயம். இரண்டையும் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

நான் ஏமாந்த கதை

திண்டிவனம் பக்கம் எனக்கு இறவையில் கொஞ்சம் நிலம். நிலக்கடலைதான் முக்கியம். காயாக விற்றுக்கொண்டிருந்தவன், சில ஆண்டுகளுக்கு முன் பருப்பாக்கி, மரச்செக்கில் ஆட்டி, எண்ணெயாக விற்கத் தொடங்கினேன். அண்ணன் மகன் ஒரு இணையதளம் போட்டுக் கொடுத்தான். இரண்டு மாதம் ஒரு ஈ காக்கை வரவில்லை. அப்போது ஒருவர் போன் செய்தார். "சார், மூணே மாசம். கூகுள்ல உங்களுக்கு முதல் இடம். நான் கியாரண்டி" என்றார். முதல் தவணை பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே தன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் செய்தது என்னவென்றால், என் பக்கத்தின் அடியில் 'எண்ணெய்', 'ஆயில்', 'எண்ணெய் விலை' என்ற சொற்களை நாற்பது ஐம்பது தடவை வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாகப் போட்டு வைத்தார். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, கூகுளுக்கு மட்டும் தெரியும் என்பது கணக்கு. அது அரதப் பழசான தந்திரம். இப்படிச் சொற்களைத் திணிப்பதும் ஒளிப்பதும் மோசடி என்று கூகுள் ஒதுக்கி வைத்து எத்தனையோ காலமாகிறது. பக்கத்துக்குப் பின்னால் தேடுசொற்களைப் பட்டியலாக எழுதி வைக்க ஒரு தனி இடம் உண்டு. அதையும் தாங்கள் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009 செப்டம்பரிலேயே பகிரங்கமாகச் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் அந்த இடத்தில் இருநூறு சொற்களை எழுதிவிட்டுக் கூலி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதோடு அவர் கொஞ்சம் விளம்பரமும் வாங்கினார். கூகுளில் மேலே விளம்பரம் என்ற குறிப்போடு வருமே, அதற்குச் சொல் ஏலத்தில் எடுக்க வேண்டும். ஒருவர் தட்டினால் இவ்வளவு என்று பணம் போகும். அப்படி என் பணத்தில் சில நூறு பேர் வந்தார்கள். வந்தவர் யார்? 'எண்ணெய் விலை' என்று தேடியவர்கள். பெட்ரோல் விலை ஏறுமா, கச்சா எண்ணெய் பீப்பாய் என்ன விலை என்று பார்க்க வந்தவர்கள்! என் கடலை எண்ணெயை அவர்கள் எதற்கு வாங்கப் போகிறார்கள்? வந்த வேகத்தில் போனார்கள். பணம் தீர்ந்த அன்று விளம்பரமும் நின்றது. ஆள் வருவது வேறு, வாங்குகிற ஆள் வருவது வேறு என்று பன்னிரண்டாயிரம் கொடுத்துப் படித்தேன்.

விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சரியான சொல்லுக்குச் சிறு தொகை போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பொதுச் சொல்லை ஏலம் எடுப்பதுதான் வீண்.

பத்துக் குடும்பம் போதும்

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இறவை நிலக்கடலை ஏக்கருக்கு 900 கிலோ காய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு எழுபது பருப்பு என்றால் 630 கிலோ. மரச்செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். ஆக, 250 லிட்டர் சொச்சம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 2 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 24 லிட்டர். 250 லிட்டரைத் தீர்க்க எத்தனை குடும்பம் வேண்டும்? பத்து, மிஞ்சினால் பதினொன்று. ஏக்கருக்குப் பத்துக் குடும்பம்!

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்குப் புத்தி தெளிந்தது. ஆயிரம் பேர் வர வேண்டும் என்ற அவசியமே எனக்கு இல்லை. இரண்டு ஏக்கர்க்காரனுக்கு இருபது குடும்பம் கிடைத்தால் எண்ணெய் ஏறக்குறைய தீர்ந்துவிடும். பிறகு நான் ஏன் 'எண்ணெய்' என்ற சொல்லுக்காகப் பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கு நிற்க வேண்டும்? அவர்களுக்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன. ஊரெல்லாம் அவர்களைச் சுட்டிக் காட்டுகிறது. கூகுளை 1998-ல் தொடங்கிய லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் வகுத்த முதல் முறையே அதுதானே. ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிறவை எப்படிப்பட்டவை என்று பார்த்து மதிப்புப் போடுவது. இன்று அதோடு இன்னும் பல விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் அந்தப் போட்டியில் நமக்கு இடமில்லை.

ஆனால் 'மரச்செக்கு கடலை எண்ணெய் 5 லிட்டர் தாம்பரம்' என்று ஒருவர் தேடினால்? அப்படித் தேடுகிறவர் மாதத்துக்கு நாலைந்து பேர் இருக்கலாம். அந்த நாலைந்து பேரும் வாங்குவதற்காகத் தேடுகிறவர்கள். எந்த எண்ணெய், எவ்வளவு, எங்கே வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் தேடுகிறார்கள். பெரிய கம்பெனி இப்படிப்பட்ட சொல்லைக் குறி வைப்பது அபூர்வம். நாள்தோறும் வரும் தேடல்களில் நூற்றுக்குப் பதினைந்து, அதற்கு முன் யாரும் தேடாத புதுத் தேடல்கள் என்று கூகுள் சொல்லியிருக்கிறது. அவ்வளவு விதவிதமாக ஜனங்கள் கேட்கிறார்கள். நமக்கு வேண்டிய பத்துக் குடும்பம் அந்தச் சந்து பொந்துகளில்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. தாம்பரத்துக்கு உண்மையாகவே நீங்கள் வாரம் ஒரு முறையாவது எண்ணெய் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தால்தான் தாம்பரம் என்று எழுத வேண்டும். ஐம்பது ஊர்ப் பெயரைப் போட்டு ஐம்பது ஒரே மாதிரிப் பக்கம் செய்வதைக் கூகுள் தண்டிக்கிறது. அதைவிட, வாங்க வந்தவர் ஏமாந்தால் மறுபடி திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒரு பயிருக்கு எத்தனை பெயர்

நம் தமிழ்நாட்டில் நிலக்கடலைக்கு எத்தனை பெயர் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் தென்னாற்காட்டுப் பக்கம் மல்லாட்டை. வடாற்காட்டில் பலர் மணிலாக்கொட்டை என்பார்கள். கோவை, ஈரோட்டுப் பக்கம் கடலைக்காய். சென்னையில் வேர்க்கடலை. புத்தகத்தில் நிலக்கடலை. எண்ணெய் என்று வந்தால் கடலை எண்ணெய். இத்தனை பெயரில் எந்தப் பெயரைப் பக்கத்தில் எழுதுவது? நாம் விற்க நினைப்பது யாருக்கோ அவர் வாயில் வரும் பெயரை. சென்னைக்காரருக்கு விற்கிறவர் 'வேர்க்கடலை'யும் 'கடலை எண்ணெயு'ம் எழுதாமல் 'மணிலா எண்ணெய்' என்று மட்டும் எழுதி வைத்தால், தேடுகிறவர் நம்மைத் தாண்டிப் போய்விடுவார்.

இங்கிலீஷிலும் இந்தத் தகராறு உண்டு. நம் தேசத்தில் 'கிரவுண்ட்நட் ஆயில்' என்பதை அமெரிக்காவில் 'பீநட் ஆயில்' என்பார்கள். நல்லெண்ணெயைத் தெற்கே 'ஜிஞ்சிலி ஆயில்' என்போம். வெளிதேசத்தில் 'செசமி ஆயில்' என்றால்தான் தெரியும். செக்கில் ஆட்டியதை வடக்கே 'கச்சி கானி' என்கிறார்கள். கடுகெண்ணெய்க்குத்தான் இந்தப் பெயர் அங்கே அதிகம் வழங்குகிறது. பெங்களூருக்கு விற்கிறவருக்கு ஒரு சொல், துபாயில் இருக்கும் சொந்தக்காரர் மூலம் விற்கிறவருக்கு வேறு சொல்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஜனங்களில் மிகப் பலர் தமிழில்தான் தேடுகிறார்கள், ஆனால் எழுதுவது இங்கிலீஷ் எழுத்தில். 'மரச்செக்கு' என்பதை ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் இரண்டு எழுத்து குறைத்து எழுதுவார். ஆகவே பக்கத்தில் பண்டத்தின் பெயரைத் தமிழ் எழுத்தில் ஒரு முறை, இங்கிலீஷ் எழுத்தில் ஒரு முறை, இங்கிலீஷ்ப் பெயராக ஒரு முறை இயல்பாக வரும்படி எழுதினால் போதும். எல்லாத் தப்பு எழுத்துக்களையும் நாம் எழுத வேண்டியதில்லை. 'எண்ணெய்' என்பதை 'எண்ணை' என்று போடுகிறவர் ஏராளம். அதற்காக நாமும் தப்பாக எழுத வேண்டுமா? தேவையில்லை. பெரும்பாலும் கூகுளே திருத்திக்கொள்கிறது. 2017 முதல் தமிழில் வாயால் சொல்லித் தேடவும் வசதி வந்துவிட்டது. எழுதத் தெரியாத பாட்டியும் இன்று 'கடலை எண்ணெய் எங்க கிடைக்கும்' என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை அப்படியே நம் பக்கத்தில் ஒரு தலைப்பாக வைத்து, கீழே பதில் எழுதினால் நல்லது.

விவசாயிகள் செய்கிற வழக்கமான தவறு ஒன்று உண்டு. நமக்கு ரகத்தின் மேல் பெருமை. 'டி.எம்.வி. 7 ரக நிலக்கடலையில் ஆட்டியது' என்று கொட்டை எழுத்தில் போடுகிறோம். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் அடுப்படியில் நிற்கிற எந்த அம்மாளும் 'டி.எம்.வி. 7' என்று தேட மாட்டார். ரகத்தின் எண்ணைத் தேடுகிறவர் இன்னொரு விவசாயி, விதைக்காகத் தேடுகிறார். உரிமம் பெற்று விதை விற்பவருக்கு 'டி.எம்.வி.', 'வி.ஆர்.ஐ.' என்ற சொற்கள் தங்கம். எண்ணெய் விற்பவருக்கு அது ஓரமாக ஒரு வரியில் இருந்தால் போதும். பாரம்பரிய நெல் விற்பவர்களும் இப்படித்தான். பக்கம் முழுக்க 'நெல் ரகங்கள்' என்று எழுதியிருக்கும். வாங்குகிறவர் தேடுவதோ 'அரிசி'. நெல் ஜெயராமன் அவர்கள் 174 பாரம்பரிய ரகங்களைத் திரட்டி வைத்துவிட்டு 2018-ல் மறைந்தார். அந்த ரகங்களைப் பட்டணத்து வீடுகளில் இன்று கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் 'கருப்புக் கவுனி அரிசி எவ்வளவு நேரம் ஊற வேண்டும்', 'மாப்பிள்ளைச் சம்பா அரிசியில் இட்லி வருமா' என்றுதான் கேட்கிறார்கள். இதற்குப் பதில் எழுத வேளாண்மைப் பட்டம் தேவையில்லை. நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டு எழுதுங்கள். கவுனியை இராத்திரி ஊறப்போட்டுக் காலையில் வேக வைக்க வேண்டும் என்று நாலு வரி எழுதிய பக்கத்துக்கு வருகிறவர், அரிசி எங்கே என்று தாமாகவே கேட்பார்.

நோட்டுப் புத்தகம்

சொல்லை எங்கே போய்ப் பொறுக்குவது என்று கேட்கலாம். முதலில் போன். எண்ணெய் கேட்டு யார் பேசினாலும் அவர் முதலில் சொன்ன வார்த்தைகளை அப்படியே ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கிறேன். நாம் திருத்தி எழுதக் கூடாது. "ஐயா, கலப்படம் இல்லாத எண்ணெய் கிடைக்குங்களா?" என்றால் அப்படியே. "பலகாரம் சுட நுரைக்காத எண்ணெய் வேணும்" என்றால் அப்படியே. "ஏங்க உங்க எண்ணெய் மட்டும் இவ்வளவு விலை?" இதுவும் ஒரு தேடுசொல்தான்! ஒரு லிட்டருக்கு இரண்டரைக் கிலோ பருப்பு என்ற கணக்கை ஒரு தனிப் பக்கமாக எழுதி வைத்தேன். விலையைப் பார்த்து ஓடுகிறவர்கள் குறைந்தார்கள். மூன்று மாதத்தில் நோட்டில் பதினெட்டு விதமான கேள்விகள் சேர்ந்தன. பன்னிரண்டாயிரம் வாங்கியவர் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

அடுத்தது, கூகுளில் 'மரச்செக்கு' என்று போட்டுவிட்டுச் சற்று நிறுத்துங்கள். மற்றவர்கள் என்னென்ன சேர்த்துத் தேடியிருக்கிறார்கள் என்று கீழே வரிசையாக வரும். காசு கிடையாது. கூகுள் டிரெண்ட்ஸ் என்று ஒன்று 2006 முதல் இருக்கிறது. இரண்டு சொற்களைக் கொடுத்தால் எதை அதிகம் தேடுகிறார்கள், எந்த மாதத்தில் தேடுகிறார்கள், எந்த மாநிலத்தில் தேடுகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டும். அது காட்டுகிற 100 என்பது ஆட்களின் எண்ணிக்கை அல்ல, உச்சத்துக்கு 100 என்று வைத்துப் போடும் ஒப்பீடு. இதைப் புரிந்துகொள்ளாமல் மயங்கக் கூடாது. மிகச் சிறிய சொல்லுக்கு ஒன்றும் காட்டாமலும் போகும். அதனால் அந்தச் சொல்லை யாரும் தேடவில்லை என்று அர்த்தமில்லை.

மூன்றாவது, கூகுள் சர்ச் கன்சோல். உங்கள் பக்கம் எந்தெந்தச் சொல்லுக்குக் கண்ணில் பட்டது, எத்தனை பேர் தட்டி உள்ளே வந்தார்கள் என்று இலவசமாகச் சொல்லும். தளம் உங்களுடையது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். படித்த பிள்ளைக்கு அரை மணி வேலை. இந்தக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், செய்து கொடுத்தவர் பெயரில் அல்ல. பத்திரத்தைத் தரகர் பீரோவில் வைப்போமா?

பட்டம் தவறினால் விளைச்சல் இல்லை என்பது இதற்கும் பொருந்தும். தீபாவளிப் பலகாரத்துக்கு எண்ணெய் தேடுகிறவர் ஐப்பசி பிறந்ததும் தேடுவார். அப்போது உட்கார்ந்து பக்கம் எழுதினால் ஆகாது. புதுப் பக்கத்தைக் கூகுள் கண்டுபிடித்து வரிசையில் சேர்க்க நாளாகும், சில சமயம் வாரங்களாகும். ஆடியிலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.

சொல் கிடைத்ததும் எங்கே வைப்பது என்பது சுலபம். பக்கத்தின் தலைப்பில் ஒரு முறை. முதல் பத்தியில் ஒரு முறை. படத்துக்குக் கீழே எழுதும் விளக்கத்தில் ஒரு முறை. ஒரு பக்கத்துக்கு ஒரு பண்டம். எண்ணெய், அரிசி, வெல்லம் மூன்றையும் ஒரே பக்கத்தில் போட்டுக் குழப்ப வேண்டாம். அதற்கு மேல் மனிதர் படிக்கிற மாதிரி எழுதினால் போதும். ஊரில் கடையோ செக்கோ வைத்திருப்பவர் கூகுள் வரைபடத்தில் தம் இடத்தைப் பதிந்துகொள்வது நல்லது. அதுவும் இலவசம்தான்.

எழுதக் கூடாத சொற்கள்

இனிச் சொல்வது கொஞ்சம் கசப்பானது. ஜனங்கள் தேடுகிறார்கள் என்பதற்காக எல்லாச் சொல்லையும் நாம் எழுதிவிடக் கூடாது. 'சர்க்கரை நோய் குணமாக அரிசி', 'மாரடைப்பு வராமல் இருக்க எண்ணெய்' என்று தேடுகிறவர் ஏராளம். அந்தச் சொல்லைப் போட்டால் ஆள் வருவார் என்பதும் நிஜம். போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நாம் விற்பது அரிசி, மருந்து அல்ல. நம் பக்கத்தை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? சட்டமும் சும்மா விடாது. 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி, உணவுப் பண்டத்தைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். இணையதளத்தில் எழுதுவதும் விளம்பரமே என்று அந்தச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 10 லட்சம் கட்ட நம் நிலத்தைத்தான் விற்க வேண்டும்.

'மரச்செக்கு' என்ற சொல்லும் அப்படித்தான். இரும்பு ரோட்டரியில் ஆட்டிவிட்டு மரச்செக்கு என்று எழுதுகிறவர்களை நான் அறிவேன். அது பொய். ரோட்டரி எண்ணெய் மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதை 'செக்கு எண்ணெய்' என்று எழுதி, எதில் ஆட்டியது என்றும் சொல்லி விற்கட்டும். 'ஆர்கானிக்' என்ற சொல்லை எழுதுமுன் நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். என்.பி.ஓ.பி. சான்றோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் பி.ஜி.எஸ். சான்றோ இருந்தால் தாராளமாக எழுதலாம். சான்று இல்லை, ஆனால் மருந்து அடிக்கவில்லை என்றால், 'பூச்சி மருந்து அடிக்காதது, தொழு உரம் போட்டது' என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அப்படியே தேடுகிறவர்களும் உண்டு. எண்ணெய் விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எண் வாங்கி அதைப் பக்கத்தில் போடவும் வேண்டும். கலப்படத்துக்குப் பயந்து தேடுகிறவர் கண் முதலில் அந்த எண்ணைத்தான் பார்க்கிறது.

ஊர்ப் பெயருக்கும் இப்போது சட்டம் இருக்கிறது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-லும், ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வட்டாரத்தில் விளைவிக்கிறவருக்கு இதைவிட நல்ல தேடுசொல் கிடையாது. முறைப்படி பதிந்துகொண்டு அந்தப் பெயரைப் பக்கத்தின் உச்சியில் எழுதுங்கள். வேறு ஊரில் விளைந்த மஞ்சளை அந்தப் பெயரில் எழுதுவது பக்கத்து வயல் கதிரை அறுப்பது மாதிரி.

இப்போதெல்லாம் கேள்வி கேட்டால் கூகுளே மேலே ஒரு பதிலைத் தொகுத்துக் கொடுத்துவிடுகிறது, பக்கத்துக்குள் யார் வருவார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். 'கடலை எண்ணெயில் என்ன சத்து' என்று தேடுகிறவர் அந்தப் பதிலோடு போய்விடலாம். போகட்டும். தாம்பரத்தில் 5 லிட்டர் எண்ணெய் தேடுகிறவர் பதிலைக் குடித்துவிட்டுப் போக முடியாது. யாரிடமாவது வாங்கித்தான் ஆக வேண்டும்.

என் தளத்தைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். பெருமைக்கு அல்ல, நான் சொன்னதற்கு நானே மாறாக ஒன்றைக் கண்டதால். 'மல்லாட்டை' என்ற சொல்லைப் பட்டணத்தார் தேட மாட்டார்கள் என்று நான் எடுத்துவிடச் சொன்னேன். என் மருமகள்தான் "இருக்கட்டும் மாமா, நம்ம ஊர்ப் பேர்தானே" என்று ஒரு ஓரத்தில் விட்டு வைத்தாள். போன மாதம் சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தால், 'மல்லாட்டை எண்ணெய்' என்று தேடி ஏழு பேர் வந்திருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் போன் செய்தார்கள். ஒருவர் பெங்களூரில் இருக்கிறார், சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். ஒருவர் பண்ருட்டிக்காரர், ஆவடியில் வேலை. மூன்றாமவர் எங்கள் தாலுகாவே. மூவரும் மாதம் தவறாமல் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டில் அந்தச் சொல்லைத்தான் இப்போது முதல் வரியில் எழுதி வைத்திருக்கிறேன்.